யார் பேரில் பிராது

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது போல அங்கே சாமியிடம் பிராது கொடுக்கலாம். திருடியவனோ ஏமாற்றியவனோ, பேரும் ஊரும் எழுதிச் சீட்டை வேலில் கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தண்டிப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் என் அம்மா அங்கே ஒரு பிராது கட்டினாள். குற்றவாளி என்று அவள் எழுதச் சொன்னது, நான் உயிராக நேசித்தவனின் பேரை.

பீங்கான் கம்பெனியில் அவன் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவன். நான் கோப்பைகளைப் பூச்சில் முக்கி எடுக்கிறவன். எங்கள் விஷயத்தை எவனோ அம்மா காதில் போட்டுவிட்டான். அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"யார்டா உனக்கு இதக் கத்துக்குடுத்தது?"

"யாரும் கத்துக்குடுக்கலம்மா. வெவரம் தெரிஞ்சதுலேருந்து நான் இப்படித்தான்."

"வாய மூடு. என் வவுத்துல பொறந்தது அப்படி இருக்காது. வேணும்னு பண்ற புள்ளயும் இல்ல நீ. எவனோ கெடுத்துட்டான்."

எவ்வளவு சுலபமான தீர்ப்பு பாருங்கள்! தன்னையும் விட்டாள், என்னையும் விட்டாள். மிச்சமிருந்தவன் அவன்தான்.

அவனோ சாமி என்றால் நடுங்குகிறவன். பிராது சேதி தெரிந்ததும் என்னிடம் ஓடிவந்தான். "நெசமாவே நான்தான் உன்னக் கெடுத்துட்டனாடா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "லூசாடா நீ? மொதல்ல கையப் புடிச்சது யாரு? நான்தான?"

தலையை ஆட்டினான். பயம் மட்டும் போகவில்லை. அந்த வாரமே அவன் அடுக்கிய வரிசை சரிந்து கையைக் கிழித்துவிட்டது. "விசாரண ஆரம்பிச்சிடுச்சிடா" என்றான். கட்டுப் போட்ட கையோடு வேலையை விட்டுவிட்டுக் கம்மாபுரத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கிளம்பினான். பஸ்ஸுக்குள் ஏறி நின்று கெஞ்சினேன். பார்க்கிறவன் பார்த்துத் தொலையட்டும் என்று அழுதேன். அவன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"எறங்குடா. போயிட்டு வரேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "அவன் ஒண்ணும் பண்ணல. கூப்ட்டது நான், கையப் புடிச்சது நான். எழுதணும்னா என் பேர எழுது!"

பெற்ற பிள்ளை பேரில் யார் பிராது கட்டுவார்கள்? மறுநாள் கோயிலுக்குப் போய்த் திரும்பியவள், அந்தப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். எனக்குப் போன உயிர் வந்தது. அவனைக் கையோடு கூட்டிவரலாம் என்று சட்டையை எடுத்து மாட்டினேன்.

"வேற ஒண்ணு கட்டிட்டு வந்திருக்கன்" என்றாள்.

"யார் பேர்ல?"

"என் பேர்லதான். உன்ன இப்படிப் பெத்தவ நான்தான?"

அன்றைக்கே கம்மாபுரம் போனேன். வாபஸ் வாங்கியாகிவிட்டது, வாடா என்றேன். வீட்டில் பெண் பார்த்துவிட்டார்கள் என்றான். வாசலோடு திரும்பி வந்தேன். பிறகு எனக்கும் பெண் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பாழாக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டேன்.

சில வருஷம் கழித்து அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றாள். சாமி தருகிற தண்டனையை டாக்டர் யார் தடுக்க என்று கேட்டாள். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள்.

ஒருநாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் பிராத வாபஸ் வாங்கும்மா. ஆஸ்பத்திரிக்குப் போவலாம். இதுல யார் மேலயும் தப்பில்ல."

அம்மா என் தலையைத் தடவினாள். "தப்பே இல்லன்னா நீ ஏன்டா இப்படித் தனியா நிக்கற?"

நீ மொதல்ல கட்டின பிராதாலதாம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. சாகக் கிடக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வேன்?