தைலமரத்துக்குக் கட்டிய சாக்கு

எலுமிச்சம்பழத் தோலும் தலைவலித் தைலமும் கலந்த ஒரு வாசனை, வெயில் ஏறியதும் துரை பங்களாவிலிருந்து கிளம்பி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயம்வரை வரும். இன்றைக்கும் அந்த வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன். "சப்பான்காரன் காலத்தில்" வளர்ந்தவளுக்கு வேறு என்ன புத்தி வரும்?

ரெங்கம் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை தன் பங்களாவைச் சுற்றித் தைலமரங்களை வளர்த்திருந்தார். லயத்து ஆட்கள் பங்களா வேலிக்குள் கால் வைத்ததில்லை; மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாவாக்காரரும், சப்பான்காரன் வந்து துரை ஓடிப்போன கையோடு போய்விட்டார். பிறகு அங்கே குடியேறிய சப்பானிய அதிகாரி, மருந்து கிடைக்காத அந்த நாளில் இலையிலிருந்து தைலம் இறக்கிப் பட்டாளத்துக்கு அனுப்புவதற்காக, பால்வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவை அந்த மரங்களுக்குப் பொறுப்பாகப் போட்டார். மரம் பட்டுப்போனால் அப்பா சயாமுக்கு ரயில்பாதை போடப் போகவேண்டும். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வராத காலம் அது, அதனால் எங்கள் வீட்டில் மரத்தைப் பற்றிய பேச்செல்லாம் அப்பாவின் உயிரைப் பற்றிய பேச்சுதான்.

எங்களைப் பார்த்ததைவிட நன்றாகவே அவர் அந்த மரங்களைப் பார்த்தார். இலையைச் சுருட்டும் புழுக்களைப் பொறுக்கிச் சாம்பல் தண்ணீரில் போடுவார். தண்டைத் துளைத்து மரத்தூள் தள்ளும் வண்டைச் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி இழுப்பார். கறையான் ஏறாமல் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசுவார். புகையிலை ஊறிய தண்ணீரைத் தளிரில் தெளிப்பார். ஒரு சுருட்டுக்கு வழியில்லாமல் ஆண்கள் தவித்துக்கொண்டிருக்க, மரம் புகையிலை போடுகிறதே என்று லயமே வயிறெரிந்தது.

அப்படியிருக்க, ஒரு வறட்சிக்குப் பிறகு மரங்களின் பட்டை கிழிந்து நாடா நாடாவாகத் தொங்க ஆரம்பித்தது. "கித்தா" என்கிற ரப்பர் மரத்தை நம்பிப் பிழைத்த எங்களுக்குப் பட்டைதான் எல்லாம். வெட்டும்போது கத்தி கொஞ்சம் ஆழப்பட்டாலே "காயம்" என்று கங்காணி குதிப்பார். பட்டை உரிந்தால் அது நோய், இல்லையென்றால் யாரோ செய்த வேலை. நோய்க்கு உண்டான அழுகலோ நாற்றமோ இல்லாததால், வேலைதான் என்று அப்பா முடிவுகட்டினார். ஆடு வளர்த்தவர்மேல் சந்தேகம், தன் மச்சானுக்கு இந்த வேலையைக் கேட்டுப் பார்த்த கங்காணிமேல் சந்தேகம், குழாயடியில் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தியவர்கள் எல்லார்மேலும் சந்தேகம். கடைசியில் அந்தப் பட்டை எங்கள் அடுத்த வீட்டுச் சின்னையா மாமாவின் அடுப்படியில் கிடந்தது. கோயில் திருவிழாவில் என்னைத் தோளில் ஏற்றிக் காவடி காட்டியவர் அவர்.

"சத்தியமா கீழ கெடந்ததத்தான் பொறுக்கிட்டு வந்தேண்ணே, அடுப்புப் பத்தவைக்க. மரம் தானாத்தான் உரிக்குது" என்றார் மாமா.

"தானா உரியுமாடா பட்டை? இத்தன வருசமா பால்மரம் வெட்டுற நீயி, எங்கிட்டயே கத விடுறியா?" என்று அப்பா கத்தினார்.

அதிகாரி மரங்களைப் பார்வையிட வந்து, தோலுரிந்து நின்ற தண்டைக் காட்டி அப்பாவின் சட்டையைப் பிடித்தபோது, அப்பா சின்னையா மாமாவின் வீட்டைக் கைகாட்டினார். அந்த வாரமே லாரி வந்து மாமாவைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. மாமாவின் மனைவி ராமாயி அத்தை லாரிக்குப் பின்னால் ஓடினாள். அம்மா எங்கள் கதவைச் சாத்தினாள். இனி மரம் பிழைத்துவிடும் என்று அப்பா சொன்னதை லயமும் நம்பியது, நானும் நம்பினேன்.

ஆனால் சந்தேகம் மட்டும் அந்த லாரியில் ஏறவில்லை. இன்னொரு கை வராது என்று என்ன நிச்சயம் என்று, அப்பா அதிகாரியிடம் சாக்கு கேட்டு வாங்கி, அடிமரங்களைச் சுற்றிக் கோணி ஊசியால் இறுக்கித் தைத்து, தனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சாகப் போட்டுவைத்தார். உடுத்தத் துணியில்லாமல் நாங்கள் கிழிந்த சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. "அடுத்த பொறப்புல மரமாப் பொறக்கணும்லா, புதுச் சாக்காவது கெடைக்கும்" என்று அம்மா முணுமுணுத்தாள்.

மறுபடி வறட்சி வந்தபோது, சாக்கின் ஓரத்தில் கறையான் மண் தெரிந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்தில்தான் நின்றேன். முடிச்சை யாரும் தொட்டிருக்கவில்லை. அவர் தையலை அறுத்து விரித்ததும், உள்ளேயிருந்து பட்டை நீளநீளமாகக் கழன்று அவர் காலடியில் விழுந்தது. அதன் அடியில் காயம் ஒன்றும் இல்லாத வழுவழுப்பான புதுப்பட்டை. அடுத்த மரத்தைப் பிரித்தார், அதற்கடுத்ததையும் பிரித்தார், எல்லாம் அப்படியே. அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என்ன நினைத்தாரோ, விழுந்ததையெல்லாம் கட்டாகக் கட்டி ராமாயி அத்தையின் வாசலில் கொண்டுபோய் வைத்தார். அத்தை கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இத யாருண்ணே உரிச்சது? அவருதான் இங்க இல்லியே."

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. அப்பா லயத்திலேயே இருந்ததால்தான் நாங்கள் பட்டினியில் சாகாமல் வளர்ந்தோம். அதை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் பாசமும் வருகிறது, கோபமும் வருகிறது, இரண்டையும் பிரிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது பங்களாவும் இல்லை, லயமும் இல்லை. அந்த இடமெல்லாம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. கெலாங் பாத்தாவில் மகள் வீட்டுத் தெருவோரத்தில் தைலமரங்கள் நட்டிருக்கிறார்கள். வறண்ட மாதங்களில் பட்டை நடைபாதையெல்லாம் கிடக்கும். கார் நிறுத்துபவர்கள் அதை மிதித்துக்கொண்டு போவார்கள், யார் உரித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. போன முறை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, தெருப் பெருக்குகிற தம்பி சமாதானமாகச் சொன்னார்: "தானா உரியுதும்மா, யாரும் ஒண்ணும் பண்ணல." சின்னையா மாமாவும் அதைத்தான் சொன்னார், சத்தியம் செய்து சொன்னார்.