பெண்கள் பக்கம் வைத்த பெட்டிகள்

டிரம் அடிக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் ஒரு குத்து விழும். பாயில் ஊன்றிய உள்ளங்கைக்குக் கீழே தரை நடுங்கும், வாயை இறுக மூடினால் பல்லிலும் அந்த நடுக்கம் ஏறும், பக்கத்தில் இருப்பவரின் உதடு அசைவதைப் பார்த்துத்தான் அவர் ஏதோ சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மத்திகிரியில் எங்கள் தெரு மாரியம்மன் பண்டிகையின் பாட்டுக் கச்சேரியை நினைத்தால் எனக்கு ஒரு பாட்டும் நினைவுக்கு வருவதில்லை, இந்த நடுக்கம்தான் வருகிறது. ஏனென்றால் ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாவற்றையும் எங்கள் பக்கத்தில்தான் வைப்பார்கள். எங்கள் பக்கம் என்றால் பெண்களும் கைக்குழந்தைகளும் என்னைப் போன்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பாய் விரித்து உட்காரும் பக்கம்.

எண்பதுகளின் நடுவில், ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா பாலக்கோட்டுப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தார். அம்மா வீட்டில் ஊதுபத்தி உருட்டுவாள். நாங்கள் இருந்தது "லைன் வீடு". ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஒரு சுவரில் தமிழும் அடுத்த சுவரில் தெலுங்கும் அதற்கடுத்ததில் கன்னடமும் கேட்கும். அந்த லைன் முழுவதும் நாராயணப்பா என்பவருக்குச் சொந்தம். யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. "ஓனர்" என்றால் அவர்தான். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர் என்பதால், வாடகை வீட்டில் மட்டுமின்றி சாமி காரியத்திலும் அவர் சொன்னதுதான் நடக்கும்.

கச்சேரி மேடைக்கு வலது பக்கம் நாற்காலிகள். கமிட்டிக்காரர்கள், நிலம் நீச்சு உள்ளவர்கள், ஓனர் அழைத்துவரும் விருந்தாளிகள் அங்கே உட்காருவார்கள். இடது பக்கம் எங்கள் பாய்கள். நியாயமாக ஸ்பீக்கர் பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும் பிரித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் வலது பக்கம் வைத்தால் விருந்தாளிகளுக்கு மேடை மறையும், அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியாது. அதனால் இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் எங்கள் பக்கமே கொண்டுவந்து, எண்ணெய் டிரம்களின் மேல் பலகை போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். மாமரத்தில் கட்டும், புனல்போல் வாய் விரிந்த "கொழா" ஸ்பீக்கரையும் லைன் வீட்டு ஜன்னலுக்கு நேராகத் தாழ்வாகத்தான் கட்டுவார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் வகுப்பில் டீச்சர் பேசுவது ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். காது அடைத்திருக்கிறது என்று சொன்னால், "சாமி பாட்டு கேட்டா காது கெட்டுப்போவுமா" என்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று மதியம் அம்மா கோயில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மைக்செட் வாடகைக்கு விடும் மாதையன் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கினார். அவர் ஓனரிடம், "ரெண்டு பக்கமும் பிரிச்சு வெக்கறன்ணா, ஒரே பக்கம் அடுக்குனா ஆடும்" என்று சொன்னது அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. "வர்றவங்களுக்கு மேடை தெரியணும்பா. பொம்பளைங்க பக்கமே வெய்யி" என்றார் ஓனர். ஆடும் என்று தெரிந்த மாதையன், ஒரு கயிறுகூடக் கட்டாமல் அடுக்கிவிட்டுப் போனார். நன்கொடையாளர்கள் பெயர் எழுதிய பெரிய துணியைக் கட்ட வேறு இடம் கிடைக்காமல், அதன் ஒரு முனையை மேல் பெட்டியின் கைப்பிடியில் முடிந்தார்கள். அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு எழுந்து போய்ச் சொன்னாள்: "அண்ணா, இது காத்தடிக்கிற மாசம். அதுமேல துணிய வேற கட்டியிருக்கீங்க. கீழ புள்ளைங்க உக்காருமே." ஓனர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ கோலத்த போடும்மா" என்றார்.

கச்சேரி விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கியது. அம்மா எங்களைத் தள்ளி உட்காரச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் இடம் ஏது? பின்னால் போனால் ஒன்றும் கேட்காது. பெட்டிகளை அவ்வளவு தாழ்வாக, ஒரே மூலையில் வைத்தால் முன்னால் இருப்பவர்களுக்குக் காது கிழியும், பின்னால் இருப்பவர்களுக்கு வெறும் இரைச்சல்தான் போய்ச் சேரும். அதனால் எல்லோரும் முன்னாலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அம்மா தம்பியை மடியில் வைத்திருந்ததால் நான் பக்கத்து வீட்டு வெங்கடம்மா அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்தேன். சூளகிரிப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், பாக்கிங் ஷெட் ஒன்றில் நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்பவர். பிள்ளை இல்லாதவர் என்பதாலோ என்னவோ, லைனில் எந்தக் குழந்தை வந்து ஒட்டிக்கொண்டாலும் தள்ளமாட்டார்.

மழைக்கு முந்தின காற்று திடீரென்று எழுந்தது. நன்கொடையாளர் துணி பாய்மரம்போல் உப்பியதை நான் படுத்தபடியே பார்த்தேன். அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம் வெங்கடம்மா அக்காவின் இரண்டு கைகளும் என் விலாவில் மோதி என்னை உருட்டித் தள்ளியதுதான். பிறகு ஒரு சத்தம். அதுவரை கேட்ட எல்லாச் சத்தத்துக்கும் கீழே, மண்ணில் விழுந்த சத்தம். பாட்டு நின்றுவிட்டது. புழுதி அடங்கியபோது நான் பாய்க்கு வெளியே கிடந்தேன், பாய்களுக்கு நடுவே இழுத்திருந்த ஒயர் என் காலில் சுற்றியிருந்தது. வெங்கடம்மா அக்காவின் வலது பாதத்தின் மேல் பெட்டி கிடந்தது. அவர் அழவில்லை. "பாப்பா எங்க, பாப்பா எங்க" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் கோயில் முன்னால் கமிட்டி கூடியது. எப்படி விழுந்தது என்று ஒருவர் கேட்க, இன்னொருவர், "அந்த ஆபரேட்டர் பொண்ணு கால்லதான் ஒயரு சுத்தியிருந்துச்சு. அதுதான் இழுத்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். காற்றும் துணியும் டிரம்மும் பலகையும் அந்த இடத்திலேயே மறைந்துபோயின. மாதையன் அங்கேதான் நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா என்னைத் தனியே அழைத்து ஒரே ஒரு முறை கேட்டாள். "தொட்டியா?" "இல்லம்மா." அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்கவேயில்லை. ஆனால் அப்பா வேறு மாதிரி. ஓனர் அவரைக் கூப்பிட்டு, பிள்ளை மன்னிப்புக் கேட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது, இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "ஒரு வார்த்த தானே. சின்னப்புள்ள, மறந்துடும்."

நான் மறக்கவில்லை. கோயில் வாசலில், கமிட்டிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "தெரியாம இழுத்துட்டன், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். ஓனர் சிரித்தார். "போவுது போ. இனிமே ஒயருகிட்ட வெளையாடாத" என்று ஒரு வாழைப்பழத்தை என் கையில் வைத்தார். அடி வாங்கியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பும் அந்தப் பழமும் ஆறவில்லை.

மாவுக்கட்டோடு வெங்கடம்மா அக்கா திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டதும், புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக ஓனர் வீட்டு வாசலுக்குப் போனார். லைனே பின்னால் போனது. "பாப்பா என் மடிமேல தல வெச்சு படுத்திருந்திச்சு. நான் தள்ளுன பொறவுதான் ஒயரு காலுல மாட்டுச்சு. ஒயரு இழுத்து பெட்டி விழல. துணி இழுத்துச்சு" என்றார். ஓனர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் பேசி முடிச்சாச்சு. நீ கால பாத்துக்கம்மா" என்றார். பேசி முடித்தவர்கள் யார், பேசப்பட்டது யாரைப் பற்றி? கால் போனவளையும் கேட்கவில்லை, பழி சுமந்தவளையும் கேட்கவில்லை.

பாதம் நேராகக் கூடவில்லை. நின்று செய்யும் வேலைக்கு அவரை மீண்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பண்டிகைக்கு முன்பே அவர்கள் லைனைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஆண்டு பண்டிகையன்று, மதியம், அதே டிரம், அதே பலகை, அதே மூலை. அம்மா போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, லைனில் வாசல் வாசலாகப் போனாள். அடுத்த தெருவுக்கும் போனாள். பெண்கள் மாவிளக்கு எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் போனால்தான் எங்கள் மாரியம்மனுக்குப் பூஜை தொடங்கும். அன்று மாலை மேளக்காரர்கள் வந்து நின்று அடித்தார்கள், ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. தட்டுகளில் மாவும் நெய்யும் திரியும் தயாராக இருந்தன. பூசாரி வந்து கெஞ்சினார். கடைசியில் ஓனரே லைனுக்குள் வந்தார்.

"என்னாம்மா இது, சாமி காரியத்துல போயி."

"சாமிக்கு நாங்க பதில் சொல்லிக்கறம்ணா. நீங்க பெட்டிய எறக்குங்க" என்றாள் அம்மா.

அவர் அப்பாவைப் பார்த்தார். "உம் பொண்டாட்டிகிட்ட சொல்லுப்பா." அப்பா வெளியே போய், மாதையனைக் கூப்பிட்டு, மேல் பெட்டியின் ஒரு முனையைத் தானே பிடித்து இறக்கினார். அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இறக்கினார் என்பதையும் மறைக்க மாட்டேன்.

பெட்டிகளை மேடைக்கு இரு பக்கமும் பிரித்தார்கள், மைக்குகளுக்குச் சற்று முன்னால் தள்ளி. கெட்டி மண்ணில் முளை அடித்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பாய்களுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆள் உட்காராதபடி இடம் விட்டார்கள். "கொழா"வை மரத்தின் உச்சிக்கு ஏற்றி, முகத்தைக் கடைசி வரிசைப் பக்கம் சாய்த்தார்கள். ஒயரை ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். துணியைத் தனியாக மூங்கில் நட்டுக் கட்டினார்கள். மாவிளக்கு ஊர்வலம் போய்ச் சேர்வதற்குள் இந்த வேலை முடிந்துவிட்டது. அன்றுதான் முதல்முறையாகப் பாட்டில் வார்த்தைகள் இருப்பது எனக்குத் தெரிந்தது. பின்னால் இருந்தவர்களும் தலையாட்டிக் கேட்டார்கள். முன்பெல்லாம் மைக்கிலிருந்து இடையிடையே வரும் "கூ" என்ற அலறல் வரவேயில்லை. விருந்தாளிகளுக்கு மேடையும் நன்றாகவே தெரிந்தது.

எனக்குக் கோபம் தாங்காமல் அழுகை வந்தது அப்போதுதான். கொஞ்சம் கயிறு, நாலைந்து முளைகள். இவ்வளவுதான் தேவைப்பட்டது. போன வருடம் ஒருவருக்கு இது தெரிந்திருந்தது, ஒருத்தி வாய்விட்டே கேட்டிருந்தாள். அவர்கள் செய்யாமல் விட்டதற்கு ஒரே காரணம் அங்கே உட்காருகிறவர்கள் நாங்கள் என்பதுதான்.

போன மாதம் மத்திகிரிக்குப் போயிருந்தேன். லைன் வீடுகள் இல்லை. அந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. மாமரம் இல்லை. கோயிலுக்குப் புதுக் கோபுரம் வந்துவிட்டது, பண்டிகைக்கு இப்போது இரும்புச் சட்டத்தில் பெட்டிகளைத் தொங்கவிடுகிறார்களாம். ஓனர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே போய்விட்டார். வெங்கடம்மா அக்கா இறந்த செய்தி எனக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது. கோயில் வாசலில் நான் அன்று நின்ற இடத்தில் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றேன். செய்யாத தப்புக்கு நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பித் தரச் சொல்லி யாரிடமாவது கேட்க வேண்டும் என்றிருந்தது. கேட்பதற்கு அங்கே ஒருவரும் மிச்சமில்லை.