தண்ணீர் வராத நாளில்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் நான்கு மாணவிகள் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். காவிரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் விடியற்காலையில். தண்ணீர் வந்ததும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து கதவைத் தட்டுவார். குடம் நிரம்பும்வரை நின்று, யாருக்குக் காய்ச்சல், யார் ஊருக்குப் போகிறாள் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார். எங்களுக்கு எரிச்சலாக வரும்.

கல்லூரியில் ஒரு செயலி வடிவமைக்கச் சொன்னார்கள். பயன்படுத்தப் போகிறவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டுமாம். நான் எங்கள் நால்வரையும் மணிக்கணக்கில் கேட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி, படியேறுவது சிரமமா என்று. சிரமம்தான் என்றார். அதோடு முடித்துக்கொண்டேன். எங்கள் போனில் மின்விசிறி, மோட்டார், குழாய் என்று எது பழுதானாலும் அவருக்குச் சொல்ல ஆறு பட்டன்கள் வைத்தேன். அவர் போனில் பெரிதாக ஒன்றே ஒன்று: 'தண்ணீர் வருகிறது'. போன் அடித்தால் எடுத்துப் பேச மட்டுமே தெரிந்தவர், இரண்டே நாளில் அதைப் பழகிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு அவர் மாடிக்கு வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் போனில் 'தண்ணீர் வருகிறது' என்று வந்தது. முந்தின நாள்தான் தண்ணீர் பிடித்திருந்தோம். 'பார்த்தேன்' என்று அழுத்தினேன். மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. வரவர அதையே அழுத்தினேன். செயலியில்தான் ஏதோ கோளாறு என்று கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் அது நின்றது. சரிசெய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் துணி எடுக்கக் கீழே போனபோது முனகல் கேட்டது. சமையலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கையிலிருந்த போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். கோபமே இல்லாமல் கேட்டார்: "அதுல வேற பட்டனே இல்லீங்களே சாமி. உங்களக் கூப்புட அதத்தான அமுக்கோணும்?"

மகன் அவரைத் தன்னோடு அழைத்துப் போனார். வீட்டைப் பூட்டினார்கள், நாங்களும் காலி செய்தோம். என் செயலிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் இன்னும் என் போனில் இருக்கிறது. பதினேழு முறை அழைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நேராக, 'பார்த்தேன்' என்று என் பதில்.