கருமந்துறைப் பாதையில் வண்டி நின்ற இடம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் சொந்தமாக ஒரு அம்பாசிடர் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினவன் நான். திருப்பதி, பெங்களூர், மைசூர் என்று பக்கத்து மாநிலங்களுக்கெல்லாம் சவாரி போயிருக்கிறேன், சுடுகாட்டு ஓரத்தில்கூட வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறேன், ஒரு நாய்கூட வந்து எழுப்பியதில்லை. மற்ற டிரைவர்கள் கிளம்பும் முன் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். நான் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பேன், பிரேக் ஆயில் பார்ப்பேன், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பேன், என் சாமி அவ்வளவுதான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்துகொண்டிருந்த காலம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள், சில இடங்களில் ரோட்டையே வெட்டியிருந்தார்கள். வெளியே வந்த வண்டிக்குக் கண்ணாடி மிஞ்சுவது கஷ்டம். கட்டாயம் போக வேண்டியிருந்தால் பம்பரில் வேப்பிலை கட்டிக்கொண்டு, கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டுப் போவோம், கல் வந்தாலும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகட்டும் என்று. டிக்கியில் கோடாலியும் கயிறும் இருக்கும். நான் அந்தத் தொல்லையே வேண்டாமென்று வண்டியை வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போரை ஒட்டி நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மகள் தேன்மொழிக்குத் தொண்டை வலி வந்தது. ஏழு வயது. முதலில் சாதாரண ஜுரம் என்று கஷாயம் கொடுத்தோம். அப்புறம் கழுத்து வீங்கியது, குரல் போனது, மூச்சு விடும்போது ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தொண்டையில சவ்வு கட்டிக்கினு வருது. அதுக்கு மருந்து இங்க இல்ல, சேலத்துலதான் கெடைக்கும். இன்னிக்கே கொண்டு போய்டுங்க. நாளைக்குன்னு வெச்சிக்காதீங்க."

தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். என் மனைவி அலமேலு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். சின்னசேலம் ரோட்டில் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, மரம் கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு கூட்டம். ஒருவன் கல்லோடு ஓடி வந்தான், பின் சீட்டைப் பார்த்ததும் கல்லைக் கீழே போட்டுவிட்டான்.

"அண்ணே, இந்த மரத்த வேணா தூக்கிடலாம். ஆத்தூர் வரைக்கும் இப்பிடித்தான் கீது. பாலத்தாண்ட ரோடே இல்ல. நீங்க கச்சிராயபாளையம் போய் மலை ஏறிடுங்க. வெள்ளிமலை, கருமந்துறை, அப்பிடியே அந்தாண்ட எறங்கிடலாம்."

கருமந்துறைப் பாதை அப்போது பாதையே இல்லை. மழைக்காலத்தில் ஜீப் போகும், அதுவும் போனால் உண்டு. அம்பாசிடரை யாரும் ஏற்ற மாட்டார்கள். நான் திருப்பினேன்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்வரை நான் பழைய டிரைவராகத்தான் இருந்தேன். இரண்டாவது கியர், வளைவுக்கு வளைவு ஹாரன், இன்ஜின் சூடேறினால் நிறுத்தித் தண்ணீர். அதற்கப்புறம் அதெல்லாம் போய்விட்டது. வெள்ளிமலையைத் தாண்டியதும் தார் முடிந்து சேறும் பாறையுமாக வந்தது, அடியில் சைலன்சர் இடித்துத் தொங்கியது, நான் இறங்கிப் பார்க்கவில்லை. ராஜா மாதிரி வைத்திருந்த வண்டி, உடைந்தால் உடையட்டும், சேலம் போன பிறகு உடையட்டும் என்று ஓட்டினேன். சாயங்காலம்கூட ஆகவில்லை, ஆனால் மூடுபனியாக மஞ்சு இறங்கிவிட்டது. பானெட்டுக்கு முன்னால் வெள்ளைதான். பின்னால் அந்தக் கிழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கிறவரைக்கும் பிள்ளை இருக்கிறாள் என்று அர்த்தம், அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

ஓர் இறக்கத்தில் அந்தச் சத்தம் நின்றது.

"ஏங்க," என்றாள் அலமேலு. "ஏங்க, மூச்சு சத்தம் கேக்கலங்க."

நான் திரும்பவில்லை. திரும்பினால் என்ன பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரியும், அதனால் ஆக்சிலேட்டரை மிதித்தேன், அதைத் தவிர எனக்கு அப்போது வேறெதுவும் தெரியவில்லை. அந்த நிமிஷம் இறக்கிவிட்டிருந்த கண்ணாடி வழியாக, என் வலது காதோரம், வெளியிலிருந்து, "நிறுத்துப்பா" என்று கேட்டது.

நம்பினால் நம்புங்கள், அது என் மகள் குரல். வியாதிக் குரல் இல்லை. தெருவில் விளையாடும்போது கத்துவாளே, அந்தக் குரல்.

முழுக்க பிரேக் அடித்தேன். வண்டி சேற்றில் வழுக்கிக் கோணலாக நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"பாப்பா நிறுத்தச் சொன்னாளே."

"இன்னா பேசறீங்க? மூச்சே வர்லன்னு சொல்றேன், பாப்பா எங்க பேசுச்சி?"

அவள் பிள்ளையைத் தூக்கி முதுகில் ஓங்கித் தட்டினாள். ஒரு இருமல். அப்புறம் அந்தக் கிழிகிற சத்தம் திரும்ப வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதவன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

பாதை எப்படி இருக்கிறதென்று பார்க்க இறங்கினேன். பம்பரைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தேன், அடுத்த அடி வைக்கத் தரை இல்லை. தரைப்பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. கீழே எங்கேயோ தண்ணீர் பாறையில் மோதுகிற சத்தம் மட்டும் வந்தது.

வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தேன், சக்கரம் சுற்றிச் சுற்றி இன்னும் இறங்கியது. ஹாரன் அடித்துப் பார்த்தேன், ஈரமோ என்னவோ அதுவும் வேலை செய்யவில்லை. சுற்றி வீடு இல்லை, விளக்கு இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் எந்தப் பக்கம் நடப்பது? நான் அந்தச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மஞ்சுக்குள்ளிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மலைக்காரர்கள், புருஷன் பெண்டாட்டி. அவர் தோளில் மண்வெட்டி, அந்த அம்மா கையில் மூங்கில் கழிகள். என்ன ஏதென்று கேட்கவே இல்லை. சக்கரத்துக்கு அடியில் கழிகளைத் திணித்தார்கள், நாங்கள் மூன்று பேரும் தள்ளியும் தூக்கியும் வண்டியைப் பின்னால் கொண்டுவந்தோம். "எங்க சாமை வயல்ல வுட்டு ஓட்டுங்க, மேல தண்ணி கம்மி, தாண்டிடலாம்" என்றார் அவர். கதிர் பிடித்திருந்த வயல். அவரே முன்னால் நடந்து, பயிரை மிதித்து எனக்குத் தடம் காட்டினார். ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் பாதையில் ஏறின பிறகுதான் கேட்டேன்.

"வண்டி இங்க மாட்டினது உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"உங்க பொண்ணு வந்து கூப்ட்டுச்சே. 'எங்கப்பா வண்டி பாலத்துல நிக்குது, வாங்க'ன்னு அழுதுகினு வந்துச்சி. எங்களுக்கு முன்னாலதான் ஓடியாந்துச்சி." சுற்றிப் பார்த்தார். "எங்க அது?"

அலமேலு மடியிலிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். அந்த மலைக்கார அம்மா குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், சிவப்புக் கவுனைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள்.

"ரெட்டப் புள்ளைங்களா?" என்றாள்.

"இல்லீங்க, எங்களுக்கு இவ ஒருத்திதான்."

நாங்கள் கிளம்பும்போது புருஷன்காரர் எங்களுக்குக் கையாட்டினார். அந்த அம்மா எங்களைப் பார்க்கவில்லை, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேலத்தில் ஊசி போட்டார்கள், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அவ்வளவுதான் என்றார்கள். வண்டிக்கு அடிப்பாகம் மொத்தமும் போயிருந்தது, ரோடு திறந்த பிறகு இன்னொரு வண்டியில் கட்டித்தான் இழுத்து வந்தேன். மலைக்காரர்கள் யாரையோ பார்த்து எங்கள் பொண்ணு என்று நினைத்துவிட்டார்கள், பயத்தில் எனக்கும் காதில் ஏதோ கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே பல வருஷம் போய்விட்டது. நீங்களும் இப்போது அதைத்தான் நினைக்கிறீர்கள், தெரிகிறது.

தேன்மொழியை நைனார்பாளையத்தில் கட்டிக்கொடுத்தோம். போன மழைக்காலத்தில் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்திருந்தாள். சின்னவள் மழையில் நனைந்து வந்து நிற்க, இவள் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "மலையில அன்னிக்கி இப்பிடித்தாம்பா நனஞ்சிட்டேன். காலெல்லாம் கல்லு குத்திச்சி."

அந்தப் பயணத்தைப் பற்றி நாங்கள் அவளிடம் பேசியதே இல்லை. பிள்ளை பயந்துவிடும் என்று அலமேலு பேச விட்டதில்லை.

"நீ வண்டியில அம்மா மடியிலம்மா இருந்த. உனக்கு நெனப்பே கெடையாது."

"ஆமா, அம்மா மடியில ஒரு பொண்ணு இருந்துச்சி, அதையும் பாத்தேன். நான் கீழ நின்னுகினு இருந்தேன். நீங்க வயல்ல ஏத்தி, ஓடையத் தாண்டி ஓட்டிக்கினு போனீங்க. அந்த அம்மாகூட என்னைப் பாத்துகினே நின்னாங்க."

நான் கேட்டேன்.

"அப்புறம் எப்பம்மா வண்டியில ஏறின?"

அவள் நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தாள்.

"நான் ஏறலப்பா," என்றாள், துண்டை உதறிக்கொண்டே.