செங்கல்வராயன் ரத்தத்துக்கு இரண்டு கணக்கு

யசோதாவுக்கு எதற்கும் காத்திருக்கத் தெரியாது. நகரியில் தறிக்கார வீட்டில் பிறந்தவள். உலை கொதிக்கும்போதே தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். மெட்ராசில் ரத்தப் பரிசோதனை படித்து, சித்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. எவ்வளவு கூட்டம் வந்தாலும் மத்தியானத்துக்குள் முடிவு சொல்லி அனுப்பிவிடுவாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எல்லைத் தகராறு தீராதிருந்த அந்த நாளில், குடிபாலாவிலிருந்து செங்கல்வராயன் என்கிற குடியானவர் மொட்டைத் தலையோடு அவளிடம் வந்தார். திருப்பதியில் முடியிறக்கப் போன இடத்தில் தலை சுற்றியதாம். அங்கே ரத்தச்சத்து, அதாவது ஹீமோகுளோபின், பதிமூன்று என்றார்களாம். யசோதா பார்த்தால் பதினொன்று.

“இன்னாமா இது? பஸ்ல வரசொல்ல மூட்டப்பூச்சி குடிச்சிட்சா?” என்றார் அவர். “எங்க ஊரு ஆந்திராவா மெட்ராசான்னு ரெண்டு கவர்மெண்டும் பேசிக்கினே கீது. ரத்தத்துக்குமா ரெண்டு கணக்கு?”

“அவங்கதான் தப்பா பாத்திருப்பாங்க” என்றாள் யசோதா, யோசிக்காமலே.

கேட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி டாக்டர் ருக்மணி சிரித்தார். “அதையும் பாத்துடுவோம்” என்று ஒரு ஏற்பாடு செய்தார். செங்கல்வராயன் உட்படச் சில நோயாளிகளின் ரத்தத்தை ஆளுக்கு நான்கு பாட்டிலாகப் பிரித்து, இரண்டைத் திருப்பதிக்கு அனுப்பி, இரண்டை யசோதாவிடம் கொடுத்தார்கள். எது யாருடையது என்பது நர்ஸ் ஜெயம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

திருப்பதியில் பரிசோதித்த நாகபூஷணம் முடிவுகளோடு தானே பஸ் ஏறி வந்துவிட்டார். ஜெயம்மா எது யாருடையது என்று சொல்லச் சொல்ல, யசோதா அவசரமாகப் புரட்டினாள். அவளிடம் குறைவாக இருந்தவருக்கு அங்கேயும் குறைவு. அதிகமானவருக்கு அங்கேயும் அதிகம்.

“ரெண்டும் ஒத்துப்போவுதே டாக்டரம்மா!”

“சேந்து ஏறி எறங்கறது வேற, ஒண்ணா இருக்கறது வேற. கழிச்சுப் பாரு.”

கழித்தாள். முகம் சுருங்கியது. கிட்டத்தட்ட எல்லாரிடமும் அவளுடைய எண், திருப்பதியின் இரண்டு எண்ணுக்கும் நடுவைவிட இரண்டு கீழே நின்றது. ஆனால் ஒரே ஆளின் இரண்டு பாட்டிலுக்கும் அவள் ஒரே எண்ணைத்தான் எழுதியிருந்தாள். நாகபூஷணமோ, ஒரே ரத்தத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு, இன்னொருமுறை பதினான்கு என்று தாவியிருந்தார்.

“செஞ்சு காட்டுங்க ரெண்டு பேரும்” என்றார் டாக்டர்.

அமிலத்தில் விட்ட ரத்தம் மெல்லப் பழுப்பாகும். முழுக்கக் கறுத்த பிறகே, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துவரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும்; எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறதோ அதுதான் கணக்கு. யசோதா உடனே தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள்.

“அய்யோ, ஆகண்டி அம்மா, கொஞ்சம் பொறுங்க!” என்று தடுத்தார் நாகபூஷணம். “ரங்கு இன்னும் ஏறவேயில்ல!”

காத்திருந்தார்கள். நிறம் கூடிக்கொண்டே போனது. யசோதாவுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாகபூஷணத்தின் முறை வந்தபோது, அவர் ஒரு குழாயை ஜன்னலோரமும் அடுத்ததை மஞ்சள் பல்பின் கீழும் தூக்கிப் பிடிப்பதைக் கண்டுபிடித்தாள்.

“சார், நீங்க ரத்தத்த அளக்கல, வெளிச்சத்த அளக்கறீங்கோ!”

இருவரும் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். அடுத்த தடவை பாட்டில்கள் போய்வந்தபோது வித்தியாசம் அநேகமாக மறைந்துவிட்டது.

செங்கல்வராயனுக்கு இரண்டு ஊரிலும் பதிமூன்று. நல்ல சேதி என்று யசோதா சொன்னதும் அவர் முகம் தொங்கிவிட்டது.

“ரத்தம் கொறைச்சல்னு ஊட்டுல தினம் ஆட்டு ஈரல் ஆக்கிப் போட்டுக்கினு இருந்தா. துன்னுக்கினு இருந்தேன். இப்பப் போயி இன்னான்னு சொல்றது?”