குடிதண்ணீர் மாதிரி: மட்டாஞ்சேரிக்குப் போன இரண்டு குடுவைகள்

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், யூதத் தெருவில் ஏலக்காய் வாங்குவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு டிசம்பர் மாதம், நான் அங்கே ஒரு வெளிச்சத்தை அணைக்கப் போனேன். அணைந்தால் எனக்கு டாக்டர் பட்டம், கல்லூரியில் நிரந்தர வேலை. அணையாவிட்டால் நான்கு வருட உழைப்பு குப்பைக்கு. இதே காரியத்துக்காகக் கொச்சி போகத் திட்டமிடும் வாசகர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். ஆனாலும் படியுங்கள், தண்ணீர் பற்றிய குறிப்பு எல்லோருக்கும் உதவும்.

கடல் மீன்களின் தோலில் ஒளிவிடும் பாக்டீரியா ஒன்று உண்டு. குடுவையில் வளர்த்து இருட்டில் வைத்தால் நீலப்பச்சையாக மின்னும், குலுக்கினால் பிரகாசம் கூடும். முந்தைய ஆண்டு மட்டாஞ்சேரி படகுத்துறையில் எடுத்த காயல் நீரில், அதாவது உப்பங்கழித் தண்ணீரில், இந்த பாக்டீரியாவை ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு பாக்டீரியாகூட நுழைய முடியாத சீனக்களிமண் வடிகட்டியில் வடித்தேன். அந்த நீரில் ஒரு கரண்டி விட்டதும், புதுக் குடுவையின் வெளிச்சம் சிறிது நேரத்தில் அணைந்துவிட்டது. காரணம் ஒரு வைரஸ் என்று எழுதினேன். அது பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் சரக்கை மட்டும் உள்ளே செலுத்தும். பாக்டீரியா தன் வேலையை மறந்து வைரஸுக்குப் பிரதி எடுக்க ஆரம்பிக்கும். கடைசியில் வெடிக்கும். வெளியே வந்த குட்டிகள் அடுத்த பாக்டீரியாவைத் தேடிப் போகும். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளருக்குத் தேவைப்பட்டது. தஞ்சாவூர்க்காரர், பம்பாயில் பெரிய பதவி. "ஏலூர்த் தொழிற்சாலைகளின் கழிவு பெரியாற்றில் இறங்கிக் காயலுக்குத்தான் வருகிறது. வெளிச்சத்தை அணைத்தது அந்த நஞ்சு. உமது வைரஸின் விலாசம் ஏலூர்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறு வேலையாகக் கொச்சி வருவதாகவும், ஒரு பகல் தருவதாகவும், நேரில் காட்டினால் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

சென்னையிலிருந்து மாலை மெயிலில் கிளம்பினேன். மூன்றாம் வகுப்பு. மடியில் துண்டு சுற்றிய இரண்டு குடுவைகள், உள்ளே பாக்டீரியா. எதிரே இருந்தவர் "பாயசமா?" என்று கேட்டார். மீன் வாடையை முகர்ந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். பாலக்காட்டுக்குப் பிறகு ஜன்னலில் பச்சை தவிர எதுவும் தெரியாது. ஆலுவாவில் பெரியாறு வந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துறைமுக நிலையத்தில் இறங்கி, படகில் மட்டாஞ்சேரி. படகுக்காரர்கள் மூட்டைக்குத் தனிக் காசு கேட்பார்கள், குடுவைக்குக் கேட்கமாட்டார்கள்.

தங்கியது இபுராஹிம் ராவுத்தர் வீட்டில். என் கல்லூரி நண்பனின் மாமா. பாலக்காட்டுத் தமிழர், மிளகு, சுக்கு வியாபாரம். கீழே கிடங்கு, மேலே வீடு. ஜன்னலே இல்லாத கிடங்கு என்பதால் பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. "இருட்டு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ தம்பி, அதுக்கு விலை இல்லை" என்றார். படகுத்துறையில் தண்ணீர் எடுத்தேன், குடுவையிலிருந்து கொஞ்சம் பாக்டீரியா விட்டு ஊறவிட்டேன், வடித்தேன். ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டு குப்பிகளில் நிரப்பிவைத்தேன்.

தேர்வாளர் வருகிற நாள் காலையில், அவரை அழைத்துவரக் கிளம்பும்போது, ராவுத்தரின் மனைவி கதீஜா அக்காவிடம் குப்பிகளை ஒப்படைத்தேன். "அக்கா, இதைக் குடிதண்ணி மாதிரி பத்திரமா பாத்துக்குங்க" என்றேன். சென்னையில் அந்த வாக்கியத்தில் எந்த ஆபத்தும் இல்லை.

பதினோரு மணிக்குத் தேர்வாளரோடு திரும்பினேன். நாலு மணிக்கு அவருக்கு வண்டி. மாடிப்படியில் ஏறும்போதே அக்கா எதிரே வந்தார்.

"நீங்க சொன்னபடியே செஞ்சிட்டேன் தம்பி. நல்லா திளப்பிச்சு வெச்சிருக்கேன்."

"எதை அக்கா?"

"அந்தக் குப்பித் தண்ணியத்தான். குடிக்கிற தண்ணி மாதிரின்னு சொன்னீங்கல்ல? இந்த ஊர்ல கொதிக்க வெக்காத பச்சைத்தண்ணி யாரு குடிப்பா? சீரகம்தான் தீந்துபோச்சு, போட முடியலை. ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "ரெண்டையுமா?"

"ஒண்ணுதான் ஆச்சு. குப்பியையும் வெந்நீர்ல அலம்பி, கொதிக்கக் கொதிக்க ஊத்தி, அதே பஞ்சால அடைச்சிட்டேன். அப்பத்தான் ஸ்டவ்வுல எண்ணெய் தீந்துச்சு."

"எந்தக் குப்பி அக்கா?"

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டும் ஆறியிருந்தன. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. "ரெண்டும் ஒரே மாதிரில்ல இருக்கு" என்றார், அழுகிற குரலில்.

ராவுத்தர் கணக்குப் பலகையிலிருந்து நிமிர்ந்தார். "அவரு பட்டத்தைப் பொங்க வெச்சிட்டியே, கதீஜா."

வேறு தண்ணீர் எடுத்து ஊறவிட நேரமில்லை. மறைக்கவும் வழியில்லை, தேர்வாளர் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன மிஸ்டர், போலாமா ஸ்டேஷனுக்கு?" என்றார். பரிவோடு கேட்டதுதான் என்னைச் சுட்டது.

"ரெண்டையும் ஊத்திப் பாத்துடலாம் சார்" என்றேன். அப்போது வேறு யோசனை இருந்ததாகச் சொன்னால் பொய்.

கிடங்கின் கதவைச் சாத்தினோம். இரண்டு குடுவைகளும் சுக்கு மூட்டையின் மேல் நீலப்பச்சையாக மின்னின. ஆளுக்கொரு குப்பியைக் கையில் எடுத்து ஆளுக்கொரு குடுவையில் ஊற்றினோம். அந்த இருட்டில்தான் எனக்குக் கணக்கு விளங்கியது. நஞ்சைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சுதான். வைரஸ் கொதித்தால் செத்துப்போகும். இரண்டும் அணைந்தால் ஏலூர். இரண்டும் எரிந்தால் என் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. ஒன்று மட்டும் அணைந்தால்தான் என் வைரஸ். இந்தச் சோதனை நான்கு வருடத்தில் ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். தேர்வாளரும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மிளகு நெடியில் தேர்வாளர் தும்மிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே அக்கா ஏதோ ஓதிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு இடப்பக்கக் குடுவை மங்கியது. என் கண்தான் களைத்துவிட்டதோ என்று மூடித் திறந்தேன். வலப்பக்கமும் மங்குவதுபோல இருந்தது.

"ரெண்டும் போறதே" என்றார் தேர்வாளர். ஏலூர் என்று அவர் வாய் திறப்பதற்குள் வலப்பக்கக் குடுவையைக் குலுக்கினேன். காற்றுப் பட்டதும் குபுக்கென்று பிரகாசித்தது. அவர் இடப்பக்கத்தை எடுத்துக் குலுக்கினார். இருட்டு. இன்னும் வேகமாகக் குலுக்கினார். தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டும் ஒரே தண்ணி சார். ஒரே காயல், ஒரே வடிகட்டி" என்றேன். "அடுப்பு மட்டும்தான் வித்தியாசம்."

அவர் கதவைத் திறந்தார். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கொதிச்சா ஆவியாப் போற நஞ்சும் உண்டு. அணைஞ்சதுல ஒரு சொட்டு எடுத்து அடுத்ததுல விடும், அதுலேர்ந்து அடுத்ததுல. நஞ்சுன்னா நீர்த்துப் போகும், உம்ம ஆசாமின்னா பெருகும். பத்துக் குடுவை தாண்டியும் அணைஞ்சா எழுதி அனுப்பும், கையெழுத்துப் போடறேன்" என்றார்.

பிறகு கதீஜா அக்காவிடம் திரும்பினார். "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி." டம்ளர் கைக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கினார். "கொதிக்க வெச்சதுதானே?"

"இந்த வீட்டுல வேற தண்ணி கிடையாது சாரே" என்றார் ராவுத்தர்.

பத்தும் அணைந்தன. பட்டம் வந்தது. அச்சான கட்டுரையில் 'ஒரு பகுதி நீர் கொதிக்க வைக்கப்பட்டது' என்று இருக்கிறது. யாரால் என்று ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதும் வழக்கமில்லை. எழுவாய் இல்லாத வாக்கியங்களால்தான் விஞ்ஞானம் வளர்கிறது. அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். 'அந்த ஒண்ணாவது தப்பிச்சதே, அல்லாவுக்கு நன்றி' என்று ராவுத்தர் கையால் பதில் வந்தது. அந்த ஒன்றைத் தான் கொதிக்க வைக்காததால்தான் நான் பிழைத்தேன் என்று அக்கா கடைசிவரை நம்பினார். பாதி உண்மைதான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர், ஜனவரியில் போங்கள், மழை தொல்லை இராது. எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகிலேயே போங்கள், சாலை வழி சுற்று. மிளகுக் கிடங்குகளுக்குள் கைக்குட்டை இல்லாமல் நுழையாதீர்கள். எந்த வீட்டிலும் தண்ணீரைத் தாராளமாக வாங்கிக் குடிக்கலாம், கொதிக்க வைத்திருப்பார்கள். கொதிக்க வைக்கக்கூடாத தண்ணீர் கையில் இருந்தால், அது மீன் கழுவின தண்ணீர், கொட்டவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.