சட்டம் சொன்னால் கொடுத்துவிடுகிறேன்

ஒடிலியாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் துப்பாக்கியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் மலசாடாப் பலகாரத்தில் ஆரம்பிப்பேன். கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

மாவை முந்தின நாளே பிசைந்து, போர்வை போர்த்தி, குழந்தையைத் தூங்க வைப்பது போல அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பாள். காலையில் கையாலேயே இழுத்து இழுத்து எண்ணெயில் போட்டு, சர்க்கரையில் புரட்டி எடுப்பாள். கடலுக்கு அந்தப் பக்கம் நாங்கள் விட்டு வந்த தீவில் எங்கள் அம்மாக்கள் நோன்புக்கு முந்தின வாரம் மட்டும்தான் இதைச் சுடுவார்கள். ஒடிலியா சட்டமன்றத்துக்குப் போகிற நாளிலெல்லாம் சுட்டாள். நோன்பு நடுவில் சுடுகிறாயே, பாவம் இல்லையா என்று கேட்டேன். பசித்தவர்களுக்குத்தானே அக்கா, எனக்கா என்றாள்.

எங்களுடையது மூன்று மாடி மரவீடு. கீழ்வீட்டில் ஒடிலியா, நடுவீட்டில் நான். மேல்வீட்டுக்கு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். கீழ்வீட்டுக்கும் கீழே நிலவறை. அங்கே அவள் மகன் டெலியோ. ஞானஸ்நானத்தில் அவன் தலையைத் தாங்கிப் பிடித்தவள் நான். பெரியம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

டெலியோ குடாவில் மட்டி எடுக்கிறவன். சின்னப் படகு, நீளக் காம்பு போட்ட இரும்பு வாரி, அவ்வளவுதான் தொழில். இரும்பு வளையம் ஒன்று வைத்திருப்பான். அதில் நுழைந்து விழுகிற மட்டி சின்னது, எடுக்கக் கூடாது என்பது சட்டம். யார் பார்க்கிறார்கள் நடுத்தண்ணீரில்? மற்றவர்கள் நாலைந்தைக் கூடைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். இவன் ஒவ்வொன்றையும் வளையத்தில் போட்டுப் பார்த்து, விழுந்ததைத் திரும்பக் கடலில் போடுவான். கூட இருப்பவர்கள் இவனைப் பாதிரியார் என்று கேலி செய்வார்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒடிலியா அத்தனை வருஷம் நம்பியிருந்தது அந்த வளையத்தைத்தான்.

அவன் மனைவி பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் போன வருஷம், அதுவரை குடியிருந்த மேல்வீட்டிலிருந்து தன் சாமானை நிலவறைக்கு இறக்கிக்கொண்டான். அந்தக் குளிர்காலத்தில்தான் அதை வாங்கினான். அவன் அப்பா மான் வேட்டைக்கு வைத்திருந்தது போன்ற மரக்கட்டைத் துப்பாக்கி இல்லை. பட்டாளத்துக்காரன் தோளில் தொங்குமே, கறுப்பாக, அந்த ஜாதி. எதற்கடா என்று கேட்டேன். தடை பண்ணப் போகிறார்களாம், அதற்கு முன்னால் ஒன்று இருக்கட்டுமே என்றான். சாயங்காலமானால் அதைப் பிரிப்பான், துடைப்பான், மாட்டுவான். மறுபடி பிரிப்பான்.

ஒருநாள் ஒடிலியா மிளகாய் விழுது ஜாடி எடுக்கக் கீழே இறங்கியிருக்கிறாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து, துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் முனைமேல் மோவாயை வைத்துக்கொண்டு, நிறுத்தின டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அம்மாவைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டான்.

"சும்மா சாஞ்சிருந்தேன்மா. படகுல வாரி மேல சாய்வேன்ல, அந்தப் பழக்கம்."

அவள் ஜாடியை எடுக்காமலேயே மேலே வந்து என் கதவைத் தட்டினாள். நான் அப்போதே சொன்னேன், போலீசில் சொல்லு, இப்படிப்பட்ட வீட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போக நீதிபதி உத்தரவு போடுவாராம், தேவாலயத்தில் பேசிக்கொண்டார்கள் என்று.

"பெத்தவளே புள்ளையக் காட்டிக் குடுக்கவா? அப்புறம் அவன் எதுக்குக்கா இருக்கணும்?"

  நான் சொன்னது சரி என்றே இன்னும் சொல்கிறேன்.

மறுநாள் அவனிடமே கேட்டிருக்கிறாள். என்ன தப்புச் செய்தேன், காசு கொடுத்து வாங்கினேன், பூட்டி வைத்திருக்கிறேன் என்று வாதாடினானாம். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னான்.

"சட்டம் வேணாம்னு சொல்லட்டும்மா. அன்னிக்கே கொண்டுபோய் ஸ்டேஷன்ல வச்சிட்டு வந்துர்றேன். சத்தியமா."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் அவனுக்கு மட்டும் சொன்னதாக ஆகாது, அவமானம் இல்லை, பைத்தியம் என்ற பெயர் இல்லை. சின்ன மட்டியைத் திருப்பிப் போடுகிறவன் இதையும் கொடுத்துவிடுவான். இதுதான் அவள் கணக்கு. இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வசந்தத்திலும் சட்டமன்றம் இருக்கிற பிராவிடன்ஸுக்குப் பஸ் ஏறினாள். துணைக்கு நான்.

அந்த வெள்ளைக் கல் கட்டடத்தில் கருத்துக் கேட்கிற அறை கோழிக்கூண்டு போல இருக்கும். கூட்டமெல்லாம் நடைபாதையில்தான். தடை வேண்டும் என்கிறவர்களுக்குச் சிவப்புச் சட்டை, வேண்டாம் என்கிறவர்களுக்கு மஞ்சள் சட்டை. பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கூப்பிடுகிறபோது போக வேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிஷம். சிவப்புச் சட்டைக்காரர்கள் பள்ளிக்கூடங்களில் செத்த பிள்ளைகளின் படங்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள், கறுப்பாக இருக்கிறது என்பதற்காகத் தடையா, என் மான் துப்பாக்கியிலும் இதே குண்டுதான், பைத்தியக்காரன் செய்ததற்கு என் வீட்டுக் கதவை ஏன் தட்டுகிறாய் என்பார்கள். இரண்டு பக்கமும் அழுகிறவர்கள் உண்டு. மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி, தன்னை அடித்த புருஷன் திரும்ப வந்தால் அந்தத் துப்பாக்கிதான் துணை என்று சொல்லி அழுதாள். அவளுக்கும் ஒடிலியா மலசாடா கொடுத்தாள். தட்டு இரண்டு பக்கமும் போகும். டீச்சர் வேலை பார்க்கிற சிவப்புச் சட்டைத் தலைவி, அவர்களுக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். வாய் எல்லாருக்கும் ஒன்றுதானே என்றாள் இவள்.

ஒடிலியாவின் முறை வந்தால் என்ன பேசுவாள்? நிஜத்தைப் பேச முடியாது. அது டெலியோவின் காதுக்குப் போய்விடும். அவர்கள் பாஷை அவளுக்கு அரைகுறை. எழுந்து நின்று, "என் பேரு ஒடிலியா ஃபுர்தாடோ. அந்தத் துப்பாக்கி வேண்டாம்" என்பாள். உட்கார்ந்துவிடுவாள். மிச்ச நேரம் முழுக்க அந்த இரண்டு நிமிஷக் கடிகாரம் சும்மா ஓடும். ஒரு வருஷம், எதிரே உட்கார்ந்து கேட்கிற குழுவில் இருந்த இளவயதுக்காரர் ஒருவர் அன்பாகவே கேட்டார், உங்கள் வீட்டில் ஏதாவது நடந்ததா அம்மா என்று. இல்லை என்று தலையாட்டினாள். நடக்கவில்லைதானே.

எல்லோரும் பேசி முடித்த பிறகு குழுத் தலைவர் ஒரு வாசகம் வாசிப்பார்: மசோதா மேலும் ஆராய்வதற்காக நிறுத்தி வைக்கப்படுகிறது. அப்படியே கையைத் தூக்குவார்கள், கலைந்துவிடுவார்கள். ஒடிலியா அதை அப்படியே நம்பினாள். யாரோ கண்ணாடி போட்டவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து இரவு பகலாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். படிக்கிறார்கள், படிக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பஸ்ஸில் வருவாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அங்கே யாரும் எதையும் படிக்கவில்லை என்பது முதல் வருஷமே தெரிந்துவிட்டது. சொன்னால் கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்ததும் டெலியோ கேட்பான். "என்னம்மா, படிச்சு முடிச்சிட்டாங்களா?"

"பெரிய விஷயம்டா. நேரம் ஆகும்."

"அவங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் கெழவனாயிடுவேன்."

கெழவன் ஆவேன் என்கிறானே, அது போதும் எனக்கு என்று சொல்லி அன்றைக்குச் சிரித்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினதும் துடைப்பக் கட்டையால் சமையலறைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கீழே அவன் தண்ணீர்க் குழாயில் இரண்டு தட்டுவான். கேட்டால்தான் ரேடியோவை வைப்பாள். பதில் தட்டு வரத் தாமதமானால் என் வீட்டுத் தரைக்குக் கீழே அவள் நடப்பது கேட்கும், அடுப்பிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து அடுப்புக்கு.

வருஷங்கள் இப்படிப் போயின. அவள் முட்டி வீங்கியது, மலசாடாத் தட்டை நான் சுமந்தேன். ஒரு ஜூன் மாதம், சபை கலைகிற கடைசி வாரம், மசோதா தேறிவிட்டது என்று டீச்சர் போனில் சொன்னாள். போனோம். நடைபாதை முழுக்கச் சிவப்புச் சட்டைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன. ஒடிலியாவை யாரோ தூக்கியே விட்டார்கள். அவள் முகத்தை அப்படி நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. இறக்கிவிட்டதும் தட்டை வாங்கிக்கொண்டு நேராக மஞ்சள் பக்கம் போனாள். தோற்றவர்கள் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று.

அங்கே அர்மான் என்று ஒரு கிழவர். நெசவு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வருஷா வருஷம் மஞ்சள் சட்டையில் வருவார், வருஷா வருஷம் இரண்டு மலசாடா எடுத்துக்கொள்வார். அன்றும் எடுத்தார். எதிர்க்கட்சிக்காரம்மா இவ்வளவு சந்தோஷப்படுவதைப் பார்த்தால் தோற்றதும் பரவாயில்லை என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு, உங்களுக்கும் ஒரு நல்ல சேதி என்றார்.

"விக்கறதுக்கும் வாங்கறதுக்கும்தாம்மா தடை. வீட்ல ஏற்கெனவே இருக்கறத யாரும் தொட மாட்டாங்க. அதத் தொட்டா ஓட்டுத் தேறாதுன்னு உங்காளுங்களே மசோதாவுலேர்ந்து அந்த வரியத் தூக்கிட்டாங்க."

"அப்போ யாரும் வந்து கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க. நிம்மதியா இருங்க, உங்க வீட்டு வாசல்ல யாரும் வந்து நிக்க மாட்டாங்க."

ஒடிலியா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வரணும்னுதானே நான் இத்தன வருஷம் வந்தேன்."

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அத்தனை வருஷம் அந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொல்லாததை அந்த மஞ்சள் சட்டைக்காரரிடம் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்: குழல், மோவாய், சத்தியம், எல்லாம். நான் தடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். டீச்சர் நடுவில் வந்து படம் எடுக்கக் கூப்பிட்டாள். அடுத்த வருஷம் அந்த வரியையும் கொண்டுவந்துவிடுவோம், இது முதல் படி என்றாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். படத்தில் ஒடிலியா நிற்கிறாள், காலித் தட்டோடு.

வீட்டுக்கு வந்தோம். டெலியோ டிவியில் பார்த்துவிட்டிருந்தான்.

"அம்மா, சட்டம் இத ஒண்ணும் சொல்லலையே."

கேலியில்லை அதில். வளையத்தில் போட்டுப் பார்த்தான், விழவில்லை, கூடையில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். நான் விடவில்லை. பெரியம்மா கேட்கிறேன், எனக்காகக் கொடுடா என்றேன். உங்களுக்கு எதுக்குப் பெரியம்மா துப்பாக்கி என்று சிரித்தான்.

அர்மான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். அவனிடம் நான் பேசுகிறேன், நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்று ஒடிலியாவின் காதில் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். நாங்கள் காப்பியை ஆற வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கீழே பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். டெலியோ சிரித்து எத்தனை காலம். வெகுநேரம் கழித்து அர்மான் மேலே வந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

"என்னமா வச்சிருக்கான்மா! ஒரு துளி துரு இல்ல." பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, "கேட்டேன். குடுக்க மாட்டேங்கறான்" என்றார்.

கேட்டாரா, கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

தடை அமலுக்கு வருவதற்கு முன்னால் கொஞ்ச நாள் விட்டிருந்தார்கள். துப்பாக்கிக் கடை வாசலில் பெருநாள் மாதிரி வரிசை. டெலியோவும் நின்று இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்தான். இனிமேல் கிடைக்காதேம்மா என்றான். நீளப் பெட்டியோடு அவன் படி இறங்குகிற சத்தத்தைக் கேட்டு ஒடிலியா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"நான் போகாம இருந்திருந்தா ஒண்ணோட நின்னிருக்கும்."

அப்படியில்லை என்று சண்டை போட்டேன். நீ போனதாலா சட்டம் வந்தது, உன் இரண்டு வார்த்தையாலா என்று அதட்டினேன். அதுவும் அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த வசந்தத்திலும் போனாள். வீட்டில் இருப்பதையும் தடுக்கிற புது மசோதா. அறை பாதி காலி. ஜெயித்துவிட்டோம் என்று பல சிவப்புச் சட்டைகள் வரவில்லை. அந்தத் துப்பாக்கி வேண்டாம் என்றாள். மேலும் ஆராய்வதற்காக என்று வாசித்தார்கள். பஸ்ஸில் அவள் இந்தத் தடவை, படிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரியில் நெஞ்சுச் சளி கட்டிப் போய்விட்டாள். அடக்கத்துக்குச் சட்டமன்றத்தில் பழகின ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். எல்லோரும் கறுப்புக் கோட்டு. யார் சிவப்பு, யார் மஞ்சள் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. டெலியோ அழவில்லை. எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டான், எல்லோருக்கும் நன்றி சொன்னான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இப்போது கீழ்வீட்டில் யாருமில்லை. சாவி என்னிடம் இருக்கிறது. என் பாத்திரத்தைக் கழுவிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அவள் சமையலறையில் துடைப்பக் கட்டையால் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். முதலில் பதில் தட்டு வந்தது. அப்புறம் ஒரே ஒரு தட்டு. இந்த வாரம் அதுவும் இல்லை. நிலவறை ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது, பிரித்து மாட்டுகிற சத்தம் கேட்கிறது. போலீசுக்குச் சொல்லு என்று அவளை அத்தனை விரட்டினவள், டெலிபோன் பக்கத்திலேயே அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கை போகவில்லை. உலோகத்தில் உலோகம் மாட்டுகிற அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் உயிரோடு இருக்கிறான் என்று உட்கார்ந்திருக்கிறேன்.